நிலா எந்தத் திசையில்? படம் எடுத்த பிறகு நடக்கும் வேலை

1857-ஆம் ஆண்டின் கடைசியில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஒரு நீண்ட சுற்றுக்குக் கிளம்பினார். கையில் இருந்தது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளிதான் நன்றாக உறைக்கும். கோபுரத்தின் கல் சரியாகப் பதியும்வரை காத்திருந்தால், நீல வானம் அதற்குள் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் அதை அப்படியே விடவில்லை. அவருடைய பல நெகட்டிவ்களில் வானத்தின் மேல் கையால் வண்ணம் பூசி மேகங்களை வரைந்திருக்கிறார். மர இலைகளையும் திருத்தியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, 19 அடி நீளத்துக்கு மேல் வரும் ஒரே படமாக்கினார். இன்று நாம் வானம் மாற்றுவது என்றும் பனோரமா என்றும் சொல்லும் இரண்டு வேலைகளும் நம் கோயில் வாசலிலேயே ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நல்ல படத்தைக் காட்டினால் முதலில் வரும் கேள்வி, “இது ஒரிஜினலா, எடிட் பண்ணதா?” என்பதுதான். எடிட் செய்தது என்றால் ஏதோ ஏமாற்று வேலை என்ற நினைப்பு அதில் ஒளிந்திருக்கிறது. உண்மையில் யாரும் கை வைக்காத படம் என்று ஒன்று கிடையாது. கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: பாதிக் கட்டங்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்புகிறது. போன் கேமரா இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு அழுத்தலுக்குப் பல படங்களை எடுத்துக் கலந்து, முகத்தைக் கண்டுபிடித்து, வானத்தைத் தனியாகக் கருக்கி, பிறகுதான் நம்மிடம் தருகிறது. எனவே எடிட்டிங் நடந்ததா என்பது கேள்வியே இல்லை. முடிவெடுத்தது யார் என்பதுதான் கேள்வி. போன் தயாரித்தவரா, அந்த இடத்தில் நின்று பார்த்த நீங்களா?

முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டுமானால் RAW-வில், அதாவது சென்சார் அளந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொல்பவர்கள் குறைவு. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். இந்தப் படிகள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதுதான் முக்கியம். வெளிச்சம் இரண்டு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். படத்தின் மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப் மட்டும் அவற்றில் பாதியை, அதாவது 8,192 படிகளை எடுத்துக்கொள்ளும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து, இருட்டுப் பகுதிக்கு வரும்போது சொற்பம்தான் மிஞ்சும். அதனால்தான் இருண்ட மூலையை ஸ்லைடரால் மேலே இழுத்தால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்புகிறது. வெளிச்சம் வெந்து வெள்ளையாகிவிடாத அளவுக்குச் சற்றுத் தூக்கலாகவே எடுத்துக்கொண்டு வந்து, பிறகு எடிட்டிங்கில் கருக்கினால் இருட்டிலும் விவரம் சுத்தமாக இருக்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால், எடுக்கும்போதே பாதி எடிட்டிங் மனதில் ஓடத் தொடங்கிவிடும்.

ஒரு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடிவதற்குச் சற்று முன். வஞ்சிரம் ஏலம் முடிந்து ஒரு அம்மா கூடையோடு எழுந்திருக்கிறார். பின்னால் நீலம் கட்டிய வானம், இடது பக்கம் கடையில் ஒரு குண்டு பல்ப். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். பல்பின் வெளிச்சம் 2,700 கெல்வின் வாக்கில் இருக்கும், மஞ்சள். விடியலுக்கு முந்தைய வானம் 10,000-ஐயும் தாண்டும், நீலம். வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் ஆட்டோ வைட் பேலன்ஸ் இந்த இரண்டையும் சமாதானப்படுத்தப் பார்த்து, எல்லாவற்றையும் சாம்பல் பூசினாற்போல் ஆக்கிவைத்திருந்தது. ஆனால் அந்த நேரத்துக் காசிமேட்டின் உயிரே நீலமும் மஞ்சளும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்பதில்தான் இருக்கிறது. வைட் பேலன்ஸை நானே 4,000-க்குப் பக்கத்தில் வைத்தேன். பல்ப் பட்ட கன்னம் மஞ்சளாகவே இருந்தது, முதுகுப்புறச் சேலை நீலத்துக்குள் போனது.

அடுத்த சிக்கல், வலது கீழ் மூலையில் இருந்த வெள்ளைத் தெர்மாகோல் ஐஸ் பெட்டி. கண் பெரும்பாலும் படத்தில் அதிக வெளிச்சமான இடத்துக்கு முதலில் ஓடும். அங்கே பெட்டி இருந்தால் பெட்டிக்குப் போகும், அந்த அம்மாவிடம் கடைசியில்தான் வரும். ஒரே சொடுக்கில் அழித்துவிடலாம், இன்றைய மென்பொருளுக்கு அது ஒரு வேலையே இல்லை. நான் அழிக்கவில்லை. ஐஸ் பெட்டி இல்லாத காசிமேடு காசிமேடே அல்ல. ஓர் இடத்தை மட்டும் தனியாகத் திருத்த உதவும் பிரஷ் மாஸ்க்கால் அதை மட்டும் ஒன்றரை ஸ்டாப் கருக்கினேன். முகத்தின் பல்ப் பக்கத்தைக் கால் ஸ்டாப் தூக்கினேன். பெட்டி அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் இப்போது கண் முதலில் முகத்துக்குப் போகிறது, பிறகு கூடைக்கு, அப்புறம்தான் பெட்டிக்கு. டார்க் ரூமில் அட்டையாலும் கையாலும் ஒளியை மறைத்தும் கூட்டியும் செய்த டாட்ஜ், பர்ன் வேலை இதுதான். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ் நெகட்டிவை இசைக் குறிப்பு என்றும், அச்சை அதன் கச்சேரி என்றும் ஒப்பிடுவார். நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கீர்த்தனை ஒன்றுதான், ஒவ்வொரு பாடகரும் நிரவலில் வேறு இடத்தில் நிற்பார்.

இதுவரை சொன்னது இருந்ததை எடுத்துக்காட்டும் வேலை. இல்லாததைச் சேர்ப்பது அடுத்த கட்டம். கற்பனைக்கு முழு உரிமை உள்ள இடம் அது. அங்கேதான் கணக்கு அதிகம்.

ஃபோட்டோஷாப்பை தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பிகள் 1987-இல் எழுதத் தொடங்கினார்கள். 1990 பிப்ரவரியில் வெளிவந்தது. ஆனால் கலைஞர்களுக்கு அது உண்மையில் திறந்தது 1994-இல், மூன்றாம் பதிப்பில் லேயர் வந்தபோது. அதற்கு முன் ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினால் ஒட்டியதுதான், பிரிக்க முடியாது. லேயர் என்பது கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல. பிளெண்டிங் மோட் என்பது அந்தத் தாள்கள் ஒன்றோடு ஒன்று எப்படிக் கலக்க வேண்டும் என்ற விதி.

இந்த விதிகளில் இரண்டைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே பிடிபடும். கருப்பை 0 என்றும் வெள்ளையை 1 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மல்டிப்ளை என்றால் இரண்டு எண்களையும் பெருக்குவது. 0.5-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 0.25, அதனால் படம் கருக்கும். 1-ஆல் எதைப் பெருக்கினாலும் அதுவேதான் வரும், ஆகவே வெள்ளை மறைந்துபோகும். ஸ்கிரீன் இதன் தலைகீழ். இரண்டையும் திருப்பிப் போட்டுப் பெருக்கி, மறுபடி திருப்புவது. 0.5-ம் 0.5-ம் சேர்ந்தால் 0.75, படம் வெளுக்கும். இங்கே மறைவது கருப்பு.

மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதியில் போட்டிருந்த ஒரு சிக்குக் கோலத்தை நேர் மேலிருந்து எடுத்து வைத்திருந்தேன். தண்ணீர் தெளித்த ஈரத் தரை ஏறக்குறையக் கருப்பு, மாவுக்கோடு வெள்ளை. அதைப் பரதநாட்டியம் ஆடும் ஒரு பெண்ணின் பக்கவாட்டு நிழலுருவத்தின் மேல் ஸ்கிரீனில் வைத்தேன். தரை கரைந்து போய், இழை மட்டும் உடம்பில் நின்றது. ஆனால் தட்டையாக, முகத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருந்தது. காரணம் தேடினால் எளிது: கோலத்தின் கோட்டுக்குத் தோள் எங்கே வளைகிறது என்று தெரியவில்லை. வார்ப் கருவியால் தோள்பட்டையிலும் கழுத்திலும் கோட்டை வளைத்தேன். உடம்பின் நிழல் விழும் பக்கத்தில் லேயரின் எந்தப் பகுதி எவ்வளவு தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் லேயர் மாஸ்க்கைச் சாம்பலாக்கி, கோட்டை மங்கச் செய்தேன். கடைசியாக, ஒரு படத்தில் இருந்த நாய்ஸ் மற்றதில் இல்லாததால், இரண்டின் மேலும் ஒரே அளவில் கிரெய்ன் என்ற பொடிப் புள்ளிகளைத் தூவினேன். அதன் பிறகுதான் கோலம் அவள் மேல் போட்டதாக இல்லாமல் அவளிடமிருந்தே புறப்பட்டது போல ஆனது. பார்ப்பவர் ஒருவரும் இது நிஜம் என்று நம்பப்போவதில்லை. நம்பவும் வேண்டாம். ஆனால் அந்த உடம்பின் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதில் மட்டும் பொய் இருக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் நிலாவைப் பற்றிப் பேச வேண்டும். கபாலீசுவரர் கோயில் குளத்தின் மேல், மாலை நேரத்தில், கோபுரத்தைவிடப் பெரிய நிலாவை ஒட்டிய படங்கள் வாரத்துக்கு ஒன்றாவது என் போனுக்கு வந்துவிடுகின்றன. குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. குளத்தின் மேற்குக் கரையில் நின்று கோபுரத்தைப் பார்த்தால் நாம் பார்ப்பது கிழக்குத் திசை. முழுநிலவானால் சரி, சூரியன் மறைகிற வேளையில் அது கிழக்கேதான் எழும். ஆனால் பலர் அங்கே ஒட்டுவது பிறை. மாலையில் தெரியும் பிறை மேற்கு வானத்தில், மறைந்த சூரியனுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மூன்றாம் பிறை பார்க்க நம் பாட்டிமார் மொட்டை மாடியில் மேற்கே திரும்பித்தானே நின்றார்கள்? போதாததற்கு, ஒட்டப்படும் பிறை வில்லை நிமிர்த்தி வைத்தது போல நிற்கிறது. ஐரோப்பாவில் எடுத்த ஸ்டாக் படம் அது. பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நம் ஊரில் பிறை பெரும்பாலும் தோணி போலச் சாய்ந்து படுத்திருக்கும்.

அளவும் அப்படித்தான். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரி. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு எடுத்தால், 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் நிலா வெறும் 36 பிக்சல்தான் வரும். பெரிய நிலா வேண்டுமென்றால் அதற்கும் நேர்மையான வழி இருக்கிறது. கபாலீசுவரர் ராஜகோபுரம் ஏறக்குறைய 37 மீட்டர் உயரம். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் அது இரண்டு டிகிரி உயரத்துக்குத் தெரியும், நிலா அதில் கால்பங்கு. பௌர்ணமி மாலையில், கோயிலுக்கு மேற்கே ஒரு கிலோமீட்டரில் உயரமான மாடி ஒன்றைப் பிடித்து, 400 மில்லிமீட்டர் லென்ஸோடு காத்திருந்தால் ஒட்டாமலேயே கிடைக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் ஒட்டுவதானாலும் தவறில்லை. கனவுப் படத்தில் நிலா எவ்வளவு பெரிதாகவும் இருக்கட்டும். பெரிதாக்கினால் அதன் வெளிச்சம் குளத்துத் தண்ணீரிலும் விழ வேண்டும், கோபுரத்துச் சிலைகளின் ஓரத்திலும் பட வேண்டும். வானத்தில் மட்டும் நிலா, கீழே எல்லாம் டியூப் லைட் என்றால் கண் உடனே விலகிவிடும். ஏன் விலகுகிறது என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும்.

சூரியனுக்கும் இதே கதைதான். மெரினா கிழக்கு பார்த்த கடற்கரை, அங்கே சூரியன் கடலில் மறையாது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். சித்திரை வெயிலில் எடுத்த படத்தில் புருவத்துக்குக் கீழே இருள் கட்டியிருக்கும்போது, பின்னால் சாய்வெயில் வானத்தை மாட்டினால் அது எப்படி ஒட்டும்? வானம் மாற்றும் வசதியை ஃபோட்டோஷாப் 2020 அக்டோபரில் சேர்த்தது. விளிம்பை அழகாக வெட்டித் தரும், முன்னால் உள்ளவற்றின் நிறத்தைக்கூட ஓரளவு மாற்றித் தரும். முகத்தில் விழுந்த நிழலை மட்டும் அதனால் திருப்பிப் போட முடியாது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து, எவ்வளவு கூர்மையாக வருகிறது என்ற மூன்று கேள்விக்கும் ஒரே பதில் இருக்கும் வானத்தைத் தேடி எடுங்கள். என் வழக்கம், எங்கே போனாலும் வெறும் வானத்தை நேரம், திசையோடு எடுத்து வைத்துக்கொள்வது. சென்னை வானம் சென்னைப் படத்துக்கு ஒட்டும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: தோல்.

கல்யாண ஆல்பம் வேலையில் இருப்பவர்கள் வாரா வாரம் கேட்கும் வாசகம் இது: “தம்பி, பொண்ணு கொஞ்சம் டல்லா தெரியுறா. கலர் தூக்கிக் குடுங்க.” நம் பேச்சில் கலர் என்ற சொல்லே வெளுப்பு என்று ஆகிவிட்டது. மாநிறம் என்று இவ்வளவு அழகான சொல்லை வைத்துக்கொண்டு அதைப் படத்தில் மட்டும் துடைத்தெடுக்கிறோம். இந்தப் பழக்கம் கணினியோடு வந்ததல்ல. ஸ்டூடியோ காலத்தில் நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் டச்சப் செய்வார்கள். கண்ணுக்குக் கீழ் உள்ள கருவளையம் நெகட்டிவில் மெல்லியதாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். அங்கே பென்சில் கரி ஏறினால் அச்சில் அது வெளுக்கும். ஃபிலிமும் நமக்குச் சாதகமாக இல்லை. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ஷர்லி கார்டு என்ற அளவுகோல் படத்தில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று பொருள். 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் கருத்த தோலையும் சரியாகக் காட்ட ரியல் டோன் என்று ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டி வந்தது என்றால், அந்தச் சாய்வு எவ்வளவு காலம் நீடித்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதன் பின்னால் உள்ள நிற அறிவியல் அழகானது. மனிதத் தோல் எந்த நாட்டவருடையதானாலும் வண்ணச் சக்கரத்தில் ஆரஞ்சை ஒட்டிய ஒரு குறுகிய பட்டைக்குள்தான் வரும். கருப்பு, மாநிறம், சிவப்பு என்று நாம் பிரிப்பதெல்லாம் பெரும்பாலும் வெளிச்ச அளவில் உள்ள வித்தியாசம். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு நிறம் திருத்தும் டி.ஐ. அறைகளில் கலரிஸ்டுகள், வெக்டர்ஸ்கோப் என்ற நிற அளவுப் படத்தில் ஒரு சாய்கோட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது இதனால்தான். ஆல்பம் எடிட்டிங்கில் அந்த ஆரஞ்சின் வெளிச்ச அளவை மாற்றும் லூமினன்ஸ் ஸ்லைடரைத் தூக்குவதுதான் கலர் தூக்குவது. ஆனால் கல்யாண வீட்டில் ஆரஞ்சும் மஞ்சளும் தோலில் மட்டுமா இருக்கின்றன? தாலிச் சரடு, காசுமாலை, சேலையின் ஜரிகை, ஓமத் தீ, எல்லாம் அந்தப் பட்டையில்தான். ஸ்லைடரை 30 தூக்கிப் பாருங்கள், பவுன் பித்தளையாகிவிடும். கலர் தூக்கச் சொல்லும் அம்மாவிடம் நான் நியாயம் பேசுவதில்லை. “அம்மா, ரெண்டு விதமா பண்ணி வைக்கிறேன், பக்கத்துல பக்கத்துல பாருங்க” என்பேன். ஒன்றில் வெளுப்பு. மற்றதில் நிறத்தைத் தொடாமல், முகத்தின் ஒளிபடும் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சீராக்கி, கண்ணின் வெளிச்சத்தைச் சற்று எடுத்துக் கொடுத்தது. பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள். “டல்” என்று அவர்கள் சொன்னது நிறத்தை அல்ல. மண்டபத்து வீடியோ லைட் முகத்தைத் தட்டையாக்கிவிட்டதைத்தான்.

செய்திப் படத்துக்கும் காட்டுயிர்ப் படத்துக்கும் இந்தச் சுதந்திரம் எதுவும் கிடையாது. 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக நேஷனல் ஜியோகிராஃபிக் இரண்டு பிரமிடுகளை நெருக்கி வைத்ததை இன்றும் பேசுகிறார்கள். 2015-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் கடைசிக்கு முந்தைய சுற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு படம், சேர்த்ததற்கோ நீக்கியதற்கோ வெளியேற்றப்பட்டது. உங்கள் படம் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலிலேயே முடிவு செய்து, அப்படியே பெயரிட்டு வெளியிட்டால் சண்டைக்கு இடமில்லை.

எழுதிக் கேட்டதைப் படத்துக்குள் தானே வரைந்து நிரப்பும், 2023-இல் ஃபோட்டோஷாப்பில் வந்த ஜெனரேட்டிவ் ஃபில்லைப் பற்றியும் கேட்கிறார்கள். கம்பியை, குப்பைத் தொட்டியை நீக்க நான் பயன்படுத்துகிறேன். ஊர்க் காட்சியைக் கேட்பதில்லை. அது கோடிக்கணக்கான படங்களில் பார்த்துப் பழகியதைத்தான் தரும். படகு கேட்டால் படகு வருகிறது, ஆனால் பட்டினப்பாக்கத்து ஃபைபர் படகின் மூக்கு வருவதில்லை, அதில் தீட்டிய பெயரும் தமிழ் எழுத்து போல ஏதோ ஒன்றாக வருகிறது.

எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகும்போது வரும் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை ஒரு ஆல்பம் அச்சகத்தில், நான் அனுப்பிய கோப்புகளின் மேல் அவர்களே ஆட்டோ கரெக்ஷனை ஓடவிட்டார்கள். மணப்பெண்ணின் பாட்டி முகம் சுண்ணாம்பு பூசியது போலவும், குங்குமம் ஆரஞ்சாகவும் வந்தது. மறு அச்சு வாங்குவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. அதிலிருந்து, கரெக்ஷன் வேண்டாம் என்று எழுதியே அனுப்புகிறேன். கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுகோலில் கொடுக்கிறேன். மானிட்டரின் பிரைட்னஸை எப்போதும் பாதிக்குக் கீழே வைத்து வேலை செய்கிறேன், இல்லையென்றால் திரையில் பளிச்சென்று தெரிவது தாளில் இருண்டுவிடும். முதலில் நாலுக்கு ஆறு அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட். அதைக் கடையின் டியூப் லைட்டில் பார்ப்பதில்லை. காலை பத்து மணிக்கு வீட்டு ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். காசிமேட்டுப் படத்தை அப்படி மூன்று முறை அச்சிட வேண்டியிருந்தது. முதல் இரண்டில் நீலம் ஏறி, அந்த அம்மாவின் நிழல் பக்கக் கன்னம் இருட்டோடு போய்விட்டது. மூன்றாவதில், நிழலை மட்டும் கால் ஸ்டாப் தூக்கிய பிறகு, அந்தப் பக்கத்து மூக்குத்தியின் கல் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.